கமரா வாங்கப் போகிறீர்களா?

அண்மையில் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் இடைவேளையில் கேட்டார்: "அண்ணை, படம் எடுத்துப் பழக ஆசை. தவணைக்கு ஒரு புதுக் கமரா எடுக்கட்டோ?" வேண்டாம் என்றேன். தவணை கட்டி எடுத்த கமரா அலுமாரியில் கிடக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

பிலிமில் பழக விரும்புவோருக்கு ஜேர்மனி நல்ல இடம். 35 மில்லிமீற்றர் பிலிம் போடும் லைக்கா 1925இல் லைப்சிக் கண்காட்சியில்தான் அறிமுகமானது. அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் அன்றைய கிழக்கு ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் செய்த பிரக்டிகா கமராக்கள் புளோமார்க்ற்றில் இன்றும் கிடைக்கின்றன. என்னுடையது எம்.ரி.எல். 5, 50 மில்லிமீற்றர் வில்லையோடு 30 யூரோ. பற்றறி ஒளிமானிக்கு மட்டுந்தான். அது செத்தாலும் கமரா வேலை செய்யும். வில்லையின் மரை 42 மில்லிமீற்றர். பழைய பென்ராக்ஸ், ரஷ்ய செனித் வில்லைகள் பலவும் இதற்குப் பொருந்தும். ஆனாலும் முதல் வருடம் இன்னொரு வில்லை வாங்காதீர்கள்.

காசு கொடுக்க முன் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு செக்கனிலும் பிறகு வேகமாகவும் அமத்திப் பாருங்கள். திரை இடையில் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். வில்லைக்குள்ளே சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை குறைத்தாலும் வேண்டாம். சந்தையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடினம்.

பிலிம் இப்போது மலிவில்லை, அதையும் சொல்லவேண்டும். மூன்று நான்கு றோலும் கழுவுகூலியும் சேர்ந்தால் கமராவின் விலையைத் தாண்டிவிடும். நிறையப் படம் எடுத்துத் தள்ள விரும்புவோர் பழைய டிஜிற்றல் கமரா ஒன்றைப் பார்க்கலாம். எனக்கென்றால், 36 படந்தான் என்ற பயமே பழக்கியது. 200 வேகப் பிலிமுக்கு நல்ல வெயிலில் துவாரம் 16, வேகம் 250. முகில் மூடினால் துவாரம் 8. கழுவுவதற்கு டி.எம். அல்லது றொஸ்மான் கடையில் உறைக்குள் போட்டுக் கொடுக்கலாம். திரும்பி வரும் நெகட்டிவ்களை எறியவேண்டாம். ஊரில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிவந்த நமக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் முகம் ஒரு அடையாள அட்டைப் படத்தில் மட்டுமே மிஞ்சியது.

முதல் றோலில் மகளை யன்னலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்து, பிரதிகளை வவுனியாவுக்கு அனுப்பினேன். அம்மா தொலைபேசியில், "சட்டை வடிவாத் தெரியுது, பிள்ளையின்ர முகந்தான் ஒரே இருட்டு" என்றார். யன்னல் உங்களுடைய முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். அடுத்த றோலில் அப்படித்தான் எடுத்து அனுப்பினேன்.