வீக்கத்தை வடிக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள்

“கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டர். நீர் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.” நீரிழிவுப் பிரிவில் நாங்கள் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள் இது. சிலர் எங்களிடம் வருவதற்கு முன்பே மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியிருப்பார்கள். சிறுநீர் மிகுதியாகக் கழியும்; இரண்டு நாள்களில் கால் வடியும்; நோய் தீர்ந்தது என்று மனம் அமைதி கொள்ளும். அந்த அமைதிதான் எங்களை அச்சுறுத்துகிறது.

வீக்கம் ஒரு நோயன்று. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோயின் அறிகுறி. காரணம் தெரியாமல் அதை வடிக்க முயல்வது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: வீங்கியிருப்பது ஒரு காலா, இரு கால்களுமா?

இரு கால்களும் வீங்கினால் சிறுநீரகம், இதயம், கல்லீரல் ஆகியவற்றை நாங்கள் நினைக்கிறோம். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும்போது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதடைந்து, உடலில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. சிறுநீர் நுரைப்பதும், காலையில் கண்ணிமைகள் தடித்திருப்பதும் இதன் அடையாளங்கள். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

மருந்துகளாலும் கால் வீங்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான பையோகிளிட்டசோன், பாத எரிச்சலுக்கான பிரிகாபலின் ஆகியவை சிலருக்கு வீக்கத்தைத் தருகின்றன. அவர்களுக்குத் தேவை பெரும்பாலும் மருந்து மாற்றமே அன்றி, மேலும் ஒரு மாத்திரை அன்று. ஆனால் அம்மருந்துகளை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. மூட்டு வலிக்கென்று கேட்டு வாங்கும் வலிநிவாரணிகள் பலவும் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, சிறுநீரகத்தையும் வருத்துகின்றன. அளவறியாமல் உண்ணும் நீர் மாத்திரையோ உடலை வறளச் செய்து, சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் குலைத்து, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் கவலை வேறு. கெண்டைக்காலின் ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. சிறு புண் வழியே கிருமி புகுந்து தோலுக்கடியில் பரவியிருக்கலாம். இவை இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை.

அண்மையில் பெரியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். வலப் பாதம் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. வலி அதிகமில்லை என்பதால் சுளுக்கு என்று எண்ணி, மூன்று வாரம் எண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறார்கள். அவரும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் பாதத்தின் நடு எலும்புகள் நொறுங்கியிருந்தன. இதற்கு ஷார்கோ பாதம் என்று பெயர். உணர்ச்சி நரம்புகள் சிதைந்தவர்களின் மூட்டுகள் இவ்வாறு அழிவதை 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்தார். நீரிழிவுக்கும் இதற்குமுள்ள தொடர்பு 1936இல் எடுத்துக்காட்டப்பட்டது. தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடச் சரியாகத் தோன்றலாம். அப்போதே கண்டறிந்து, கட்டுப் போட்டு, சில மாதங்கள் பாதத்தின் மேல் எடை விழாமல் காத்தால் பாதத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதித்தால் உள்ளங்கால் வளைவு சரிந்து, புண்ணாகி, காலையே இழக்க நேரிடலாம். வலியின்மை அவருக்கு ஆறுதலாக இருந்தது; உண்மையில் அதுவே எச்சரிக்கை.

பழியை நோயாளிகள்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வரும் ஊர் இது. பாதத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆயினும் கூட்டம் மிகுந்த நாள்களில், சர்க்கரை அளவு எழுதிய தாளைப் படிக்கும் எங்கள் கண்கள் மேசைக்குக் கீழே செல்வதில்லை. இக்குறையை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: “டாக்டர், என் காலைப் பாருங்கள்.” அது உங்கள் உரிமை.

நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தில் இரு கால்களிலும் ஏற்பட்ட வீக்கம், காலை உயர்த்தி வைத்து உறங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சூடோ சிவப்போ தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே வந்துவிடுங்கள். பாதம் சூடாகச் சிவந்து வீங்கியிருந்தால், அதை ஊன்றி நடக்காமல் வாருங்கள்.

வீட்டிலிருப்போர் செய்யக்கூடியவை சில உண்டு. நாள்தோறும் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, வெப்பம் ஒன்றுபோல் உள்ளதா என்று பாருங்கள். முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி, குழி விழுகிறதா என்று கவனியுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டா. தோல் வெந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கமான காலுறை அணிவிக்க வேண்டா. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் அக்கணக்கில் சேரும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும், இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது, உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். வீக்கம் எப்போது, எந்தக் காலில் தொடங்கியது என்பதை நினைவில் கொண்டு வாருங்கள். அவற்றைக் கொண்டு காரணத்தைத் தேடுவோம். நீர் மாத்திரை தேவையா என்பதைப் பிறகு முடிவு செய்வோம்.