ஆயாக் கொட்டகைக்கு நாம் பட்ட கடன்

பொன்னாடை போர்த்தாத வாரம் இல்லை என்னுமளவிற்கு நம் சமுதாயத்தில் பாராட்டு விழாக்கள் பெருகிவிட்டன. பட்டம் பெற்றாரைப் பாராட்டுகின்றோம். பதவி உயர்ந்தாரைப் பாராட்டுகின்றோம். கோயில் மண்டபத்திற்குக் குழல்விளக்கு ஒன்று வாங்கித் தந்தவரின் பெயரை அவ்விளக்கின் மீதே எழுதி வைக்கின்றோம். (சில இடங்களில் எழுத்துப் பெருத்து வெளிச்சம் சிறுத்துவிடுவதும் உண்டு.) நல்லாரைப் பாராட்டுதல் நற்பண்பே, அதனைக் குறைகூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. தாய் வேலைக்குச் சென்ற வேளையில் அவள் குழந்தையை மடியில் ஏந்தியவர், தந்தையை இழந்த குடும்பத்திற்கு ஒருவேளைச் சோறு போட்டவர், கைவிடப்பட்ட சிறுவனை இரவெல்லாம் விழித்திருந்து காத்தவர் ஆகியோருள் எத்தனை பேர் நம் மேடைகளில் ஏறியிருக்கின்றனர்? எண்ணிப் பார்க்க ஒரு கையின் விரல்களே மிகுதி.

இவ்வினாவிற்கு விடைகாண, முதற்கண் நம் தோட்டப்புறத்து ஆயாக் கொட்டகையை நினைவுகூர வேண்டும். அடுக்குமாடி வீடுகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழும் இன்றைய மாணவர்க்கு இச்சொல்லே புதிதாயிருக்கலாம். அவர்தம் பாட்டிமார்க்கோ அது நன்கு பழகிய சொல்.

இரப்பர் மரத்தில் பால் வெட்டுதல் வெயில் ஏறுமுன் நடைபெற வேண்டிய வேலை. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் தடையின்றி வடியும். பொழுது ஏற ஏற ஒழுக்குக் குன்றிவிடும். ஆதலால் இருள் பிரியுமுன்பே பெரட்டுக்குச் சென்று நிற்றல் வேண்டும். ஆடவர் மட்டுமல்லர், பெண்டிரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டச் சென்றனர். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? குழந்தையைத் துணியிற் சுற்றித் தோளிற் சாய்த்துக்கொண்டு, இருட்டோடு இருட்டாகத் தாய் ஆயாக் கொட்டகைக்கு நடப்பாள். அங்கே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். தோட்டத்து மூதாட்டி ஒருவர் கைநீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்வார். மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளியிற் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்புவதற்கு நண்பகல் கடந்துவிடும். அதுவரையில் பாலூட்டலும், கழுவித் துடைத்தலும், தாலாட்டலும், தவழும் பிள்ளைகள் படியிறங்கிப் போய்விடாமற் பார்த்துக்கொள்ளலும், பாம்பும் பூரானும் அண்டாமற் காத்தலும் அந்த மூதாட்டியின் பொறுப்பு. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் காண்பின் தோட்டத்து டிரசருக்குச் சொல்லி அனுப்புவதும், தாய் வந்ததும் அவளுக்குப் பக்குவமாய் எடுத்துரைப்பதும் அவரே. இவ்வளவையும் செய்தவரின் வேலை, மரம் வெட்ட உடல் இடந்தராத முதியோர்க்குரிய இலேசான வேலை என்றே பெரும்பாலும் கருதப்பட்டது! ஒரு குழந்தையை ஒருநாள் முழுதும் பார்த்துக்கொண்ட எவரும் அதனை இலேசென்று கூறத் துணியார்.

ஒன்றை மறைத்தல் கூடாது. ஆயாக் கொட்டகை அருளுள்ளத்தால் எழுந்த அறச்சாலையன்று. பெண்களின் உழைப்பு தோட்டத்திற்குத் தேவைப்பட்டது. ஆகவே கொட்டகையும் தேவைப்பட்டது. தோட்டப் பள்ளிகளின் வரலாறும் இதற்கு அயலானதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளியொன்று அமைக்குமாறு முதலாளிமாரைப் பணித்தது. அவ்வாறு எழுந்தவற்றுட் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே காலந்தள்ளின. அந்த ஒற்றை அறைகளிலிருந்து வளர்ந்தவையே இன்றைய தமிழ்ப்பள்ளிகளுட் பல. பள்ளிக்குப் பெயர்ப்பலகை உண்டு. தலைமையாசிரியர்தம் படவரிசை சுவரில் உண்டு. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை ஏற்கப்பட்ட நாளை நினைவூட்டும் ஆசிரியர் தினம் மே 16ஆம் நாள் உண்டு. கொட்டகைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஏழாம் வயதில் எழுத்தறிவித்தவரை வணங்குகின்றோம். பிறந்து சில திங்களே ஆன நம்மை வாங்கிக்கொண்டவர் யாரென்று கேட்டால் விழிக்கின்றோம்.

போர்க்காலம் வேறொரு பாரத்தை ஏற்றியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பருமா இரயில் பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். சென்றவருள் மிகப் பலர் மீளவில்லை. ‘சயாம் மரண ரயில்’ எனத் தமிழர் இன்றும் நடுக்கத்துடன் குறிப்பிடும் அவ்வேலை, தோட்டங்களில் தந்தையற்ற பிள்ளைகளை விட்டுச் சென்றது. அப்பிள்ளைகளைத் தாங்கியவர் அரசினர் அல்லர். அண்டை இலயத்தாரும், பாட்டிமாரும், கொட்டகை ஆயாக்களுமே. அவர்கள் செய்தது ஏட்டில் ஏறவில்லை.

போரின் வடு ஆறாத அந்நாளில், 1949ஆம் ஆண்டு, சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவினார். பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு அது இல்லமாயிற்று. இளம் வயதிலேயே அப்பணியிற் புகுந்த அன்னை மங்களம் அவர்கள், சுவாமிகளின் மறைவிற்குப் பின் அதன் பொறுப்பை ஏற்று, 2023ஆம் ஆண்டு தாம் மறையும்வரை அவ்வில்லத்தோடே வாழ்ந்தார். நாடு அவரை அறிந்திருந்தது. இனம், சமயம் கடந்து மதித்தது. அம்மதிப்புக்கு அவர் முற்றிலும் உரியவரே. ஆனால் அத்தகைய இல்லங்கள் எல்லாவற்றிலும், நாற்பது பேர்க்குச் சோறு வடிக்கும் சமையற்காரர் ஒருவர் இருப்பார். நள்ளிரவில் அழும் பிள்ளையின் பக்கத்தில் போய் அமரும் பணியாள் ஒருவர் இருப்பார். பள்ளிக் கடிதங்களில் ‘பாதுகாவலர்’ என்ற இடத்திற் கையொப்பமிடும் ஒருவர் இருப்பார். விழாவுக்கு வரும் பெருமக்கள் இவர்களைக் கடந்துதான் மேடைக்குச் செல்கின்றனர்.

நம் பாராட்டு மொழியில் உள்ள ஒரு குறையை இனிச் சுட்டலாம். குழந்தைகட்கும் ஏழைக் குடும்பங்கட்கும் தொண்டாற்றுவோரை நாம் பாராட்டும்பொழுது ‘தியாகம்’ என்னும் சொல்லை வாரி வழங்குகின்றோம். செவிக்கு இனிய சொல்தான். ஆனால் அது நமக்கு மிகவும் வசதியான சொல்லுங்கூட. ஒருவர் செய்வதைத் தியாகம் என்று பெயரிட்டுவிட்டால், அவர்க்கு என்ன சம்பளம், முதுமையில் என்ன வருவாய், நோயுற்றால் யார் பொறுப்பு என்னும் கேள்விகள் எழுவதில்லை. கணக்கரின் வேலையைத் தியாகம் என்று யாரும் கூறுவதில்லை. அவர்க்கு மாத இறுதியிற் சம்பளம் தந்துவிடுகின்றோம். பிள்ளை வளர்ப்பவரை மட்டும் தெய்வம் என்கின்றோம். தெய்வத்திற்கு ஊழியர் சேமநிதி வேண்டியதில்லை போலும்.

இதன் விளைவை நாம் கண்டிருக்கின்றோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் மரங்கள் வீழ்ந்து எண்ணெய்ப்பனை எழுந்தது, 1980, 1990ஆம் ஆண்டுகளில் நகரையடுத்த தோட்டங்கள் வீடமைப்பிற்கும் தொழிற்சாலைகளுக்கும் இடமாயின. தோட்டத் தொழிலாளரின் உறைவிட வசதிகளை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகம் பற்றியும் பேசுகின்றது. ஆனால் அதற்குள்ளாகவே இலயங்கள் பல காலியாகிக் கொண்டிருந்தன. குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகர் புகுந்தன. மரம் வெட்டியவர்க்கு இழப்பீடு எவ்வளவு என்று வாதாடத் தொழிற்சங்கம் இருந்தது. கொட்டகை ஆயாவுக்காக வாதாடியோரைப் பற்றி நாம் மிகுதியாய்க் கேட்டதில்லை.

தோட்டம் கலைந்ததால் ஆயாவின் தேவை ஒழிந்துவிட்டதா? இல்லை. அது அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தது. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைவேலை செய்கின்றனர்; குழந்தை எதிர்வீட்டு அம்மாவிடம் வளர்கின்றது. அவ்வம்மாவின் வீட்டில் இரண்டு, மூன்று, சில நேரம் ஆறு பிள்ளைகள். நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகள் நால்வரையோ அதற்கு மேலோ ஏற்பவர் பதிவு பெறல் வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் விதி. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளாயின் மூவர்க்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதினராயின் ஐவர்க்கு ஒருவர். கொட்டகையில் ஒற்றை ஆளாய் நின்ற மூதாட்டி இக்கணக்கைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ! விதி நல்லதே, குழந்தையின் உயிர் விளையாட்டன்று. ஆனால் பதிவு, பயிற்சி, தீயணைப்புக் கருவி என்று ஒவ்வொன்றிற்கும் பணமும் படிவமும் வேண்டும். எதிர்வீட்டு அம்மா படிவத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குகின்றார். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அவர் எவர்க்கும் ஊழியர் அல்லர் என்பதால் அவ்வாணையும் அவர் வாயிற்படி ஏறுவதில்லை. பெற்றோர் தரும் தொகையும் மிகுதியன்று; அவர்களும் இல்லாதவர்களே. ஏழைக்கு ஏழை தாங்கலாய் நிற்கும் இவ்வேற்பாட்டின் மீதுதான் நம் பிள்ளைகள் பலர் முதலாம் ஆண்டு வகுப்பறைவரை வந்து சேர்கின்றனர்.

ஆகவே மாலையைக் காட்டிலும் முதன்மையான மரியாதைகள் சில உள. கோயில் நிருவாகங்களும் இயக்கங்களும் விழாச் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்மணிகட்குப் பயிற்சிக் கட்டணம் செலுத்தலாம். படிவம் நிரப்பவும், நலத்துறை அலுவலகத்திற்கு உடன்செல்லவும் படித்த இளைஞர் இருவரை அமர்த்தலாம். இதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் தேவைப்படா.

சிறார் இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். தீபாவளித் திங்களில் அவற்றின் வாயிலில் வண்டிகள் வரிசையாய் நிற்கும். ஒரே நாளில் மூன்று விருந்தும் நடைபெறும். அடுத்த திங்களில் அரிசிக்கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மட்டுமே வரும். ஒருநாள் விருந்துக்கு ஆகும் செலவைப் பன்னிரண்டாகப் பகுத்து மாதந்தோறும் தருவது அங்குள்ள பணியாளர்க்குச் செய்யும் பேருதவி. அவர்தம் சம்பளமும் அதனால் தடைப்படாது. மேலும், உதவி பெறும் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை நாம் அறவே விடுதல் வேண்டும். காப்பிற்குள்ளான சிறாரின் பெயரும் படமும் செய்தியில் வெளிவராது காக்க 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் விதி செய்துள்ளது. சட்டம் எட்டாத இடங்களிலும் அதன் கருத்து நமக்குப் பொருந்தும். தொண்டரைப் போற்றும் விழாவில் அத்தொண்டர் காத்துவரும் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கினால், அது அவருக்கே செய்யும் அவமதிப்பு. அப்பிள்ளை நாளை இதே பள்ளியில் நண்பர்களுடன் அமர வேண்டியவன் அல்லனோ?

பள்ளிக்கூடத்திலும் இத்தகையோர் உளர். சிற்றுண்டிச்சாலையில் காசு கொண்டு வராத பிள்ளையை அடையாளங்கண்டு, பிறர் காணாமல் தட்டை நீட்டும் அம்மையார். காலணி கிழிந்தவனுக்குத் தம் பையிலிருந்து வாங்கித் தரும் ஆசிரியை. பெற்றோர் வரத் தாமதித்தால் வாயிலில் பிள்ளையோடு காத்து நிற்கும் காவலர். இவர்கட்கு விழா எடுத்தால் வெட்கி ஒளிந்துகொள்வர். ஆண்டிறுதியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இவர்தம் தேவையை நேரிற் கேட்டறிவது நலம்.

மாணவச் செல்வங்களே, உங்களாற் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. இவ்வாண்டு மலரின் பக்கங்களில் வாழ்த்துரைகள் பல இடம்பெற்றுள்ளன. அடுத்த மலரில் ஆயாக்களுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்குமாறு மலர்க்குழுவினரை வேண்டிக் கொள்கின்றேன். அதனை நிரப்ப வேண்டியவர் நீங்கள். உங்கள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் சென்று, அவர்தம் பிள்ளைகளைக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள் எனக் கேளுங்கள். உங்களைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அம்மாவின் பெயரையும் அவர் இசைவு பெற்றுச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தாற் போதும். பாட்டிமார்க்கு வயதாகின்றது, ஆதலால் இவ்விடுமுறையிலேயே கேட்டு விடுவது நன்று. சிலர்க்கு அந்த ஆயாவின் இயற்பெயர் நினைவில் இராது; கொட்டகையில் எவ்வாறு அழைத்தனரோ அப்பெயரையே எழுதுங்கள். அச்சில் அவ்வாறே வரட்டும்.