நாரைக்கு நல்வரவு, கூகைக்குக் கல்லடியா?

பறவையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். சத்திமுற்றப் புலவர் பாடியதாக வழங்கும் நாரைப் பாட்டில், அப்பறவை குமரிவரை வந்து வடதிசை மீளும் வழக்கமும், பிளந்த பனங்கிழங்கை ஒத்த அதன் அலகும் சுட்டப்பெறுகின்றன. கண்ணாற் கண்டு தேர்ந்தவரே அங்ஙனம் பாட இயலும். ஆந்தையினத்தையும் நம் முன்னோர் கூர்ந்து நோக்கிக் கூகை, குடிஞை எனப் பெயரிட்டனர். கூகைக்கோழியார் என்றே ஒரு சங்கப் புலவர் பெயர் பெற்றுள்ளார். ஆயின் இன்று நாம் நாரையைக் கொண்டாடுகின்றோம். கூகையைக் கல்லெறிந்து விரட்டுகின்றோம். இவ்வோரவஞ்சனை முறைதானா?

கூந்தன்குளம் காட்டும் நெறி

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக உலக ஏற்பும் பெற்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வூரார் பறவைகளின் காவலராய் விளங்கினர். செங்கால் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சம் வீழ்ந்தாலும் நாற்றம் எழுந்தாலும் ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்க்கின்றனர். எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவர். இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்தும் அங்கு விருந்தாக வருகின்றது.

இரவுக் காவலர்

நீர்ப்பறவை பகலில் செய்யும் நன்மைக்கு ஈடானதைக் கரைப்பனையிலும் மரப்பொந்திலும் வாழும் ஆந்தை இரவில் செய்கின்றது. காரிருளிலும் ஒலியைக் கொண்டே இரையைப் பற்றும் ஆற்றல் கூகைக்கு உண்டு. அது பறக்கையில் ஓசை எழுவதில்லை. செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையைப் பிரித்துப் பார்ப்போர் எலிகளின் மண்டையோடுகளைக் காணலாம். ஆந்தை வந்து அமர்வதற்கென உழவர் வயல் நடுவே கழி நட்டு வைப்பது இதனாலன்றோ?

எனினும் அச்சம் நீங்கவில்லை. எங்கள் தெருவில் பூட்டிக்கிடந்த வீடொன்றின் மச்சில் ஒருமுறை கூகை குஞ்சு பொரித்திருந்தது. அண்டை வீட்டு முதியவர் நோயுற்றிருந்தமையால், சாவுக்குருவி அலறுகின்றது எனக் கூறி இளைஞர் சிலர் கூட்டைக் கலைத்தனர். முதியவர் நலம் பெற்று எழுந்தார், மாண்டவை குஞ்சுகளே. அன்று வாளா நின்றவர்களுள் யானும் ஒருவன்.

சகுனமும் சன்மார்க்கமும்

கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகிப் பழி கேட்டு அலறும் என்பது அறியாமைக் காலத்து அரபியரின் நம்பிக்கை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பறவைச் சகுனத்தையும் இந்த ஆந்தை நம்பிக்கையையும் ஒருங்கே மறுத்தார்கள். பறவைகளையும் மனிதரைப் போன்ற சமுதாயங்களாகவே திருமறை (6:38) அறிமுகப்படுத்துகின்றது. அவ்வாறிருக்க, ஆந்தையின் குரல் கேட்டு நம் இல்லங்களில் நடுங்குவது நம் மார்க்கத்திற்கு எவ்வாறு பொருந்தும்? இந்தியப் பறவையியலின் பேரறிஞர் சாலிம் அலி (1896–1987) நம் சமுதாயத்தில் தோன்றியவரே. 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பறவை நோக்குதலை எளியோர்க்கும் உரியதாக்கியது. அவர் வழிநின்று பறவைகளை நோக்குவோர் நம்மில் எத்தனை பேர்?

நாம் செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் உங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு காலையும் ஓர் அந்தியும் அமைதியாக அமர்ந்து பாருங்கள். கூட்டை நெருங்காதீர்கள். முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி என அங்குள்ளவற்றின் பெயர்களை உழவரிடமும் மூதாட்டியரிடமும் கேட்டு எழுதி வாருங்கள். ஊருக்கு ஊர் வேறுபடும் அப்பெயர்கள் அகராதி ஏறாமலே மறைந்துவருகின்றன. அவற்றைத் தொகுப்பது தமிழ்த்துறையின் பணியேயாகும்.

ஜமாஅத் பெரியோர்களே! ஆந்தை சகுனமன்று என்பதை நீங்கள் ஒருமுறை எடுத்துரைத்தால், எங்கள் நூறு வகுப்புகள் சாதிக்காததை அது சாதிக்கும். கூந்தன்குளத்தார் நாரைக்குக் காட்டிய பரிவை நாம் கூகைக்கும் காட்டுவோமாக!