உழவன் உடையும் மன்னன் சட்டமும்

மத்திய கால ஐரோப்பா என்றதும் இரும்புக் கவசம் பூண்ட வீரரும், நிலம் தோயும் பட்டாடை உடுத்த சீமாட்டியருமே நம் மனக்கண்முன் வந்து நிற்பர். திரைப்படங்கள் செய்த வேலை இது. ஏர் பிடித்தவனும் ஆடு மேய்த்தவனும் அவர்தம் மனைவியரும் எதனை உடுத்தனர்? அக்கால ஓவியர் பெரும்பாலும் புனிதரையும் பிரபுக்களையுமே தீட்டினர். ஏழையின் துணியோ மண்ணில் மக்கிவிட்டது. ஆயினும் எதிர்பாராத ஓரிடத்தில் இதற்கு விடை கிடைக்கின்றது. அது சட்டப் புத்தகம்.

1363ஆம் ஆண்டில், மூன்றாம் எட்வேட் மன்னன் காலத்து இங்கிலாந்துப் பாராளுமன்றம் உடைக்கும் உணவுக்கும் ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் தத்தம் நிலைக்கு மிஞ்சி உடுப்பதால் நாடு வறுமையுறுகின்றது என்பது அதன் முறைப்பாடு. ஏரோட்டி, வண்டிக்காரன், இடையன் முதலியோரும், 40 சிலிங் பெறுமதியான உடைமை இல்லாத எவரும் முரட்டுக் கம்பளித் துணியன்றி வேறெதுவும் உடுத்தலாகாது. கைவினைஞர் பொன், வெள்ளி, பட்டு, பூவேலை ஆகியவற்றைத் தீண்டலாகாது. வேலைக்காரர்தம் மனைவியரின் முக்காட்டுத் துணி 12 பென்சுக்கு மேற்படலாகாது. வேலைக்காரருக்கு மச்சமோ மாமிசமோ நாளொன்றுக்கு ஒரே வேளைதான்! வணிகர் நிலையோ வேடிக்கையானது. ஆண்டுக்கு 100 பவுண் நிலவருமானமுள்ள கனவானைப்போல் உடுத்த விரும்பும் வணிகன், 500 பவுண் பெறுமதியான பொருள் உடையவனாய் இருத்தல் வேண்டும்.

மாணவர்கள் இங்கே சிறிது நின்று சிந்தித்தல் நன்று. எவரும் செய்யாத காரியத்தைத் தடுக்க எவரும் சட்டம் இயற்றுவதில்லை. இடையன் நல்ல துணி உடுக்கலாகாது என்று பாராளுமன்றம் கூடி விதிப்பதாயின், அவன் அதனை உடுக்கத் தொடங்கிவிட்டான் என்பதே பொருள். அவனுக்கு அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

1348இல் இங்கிலாந்தின் தென்கரையில் இறங்கிய கொள்ளைநோய் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் வாரிச் சென்றது. வயல்கள் இருந்தன; உழுவதற்கு ஆள் இல்லை. எஞ்சிய கூலியாளன் தன் விலையை உணர்ந்தான். கூலி பழைய அளவைத் தாண்டலாகாது என 1351இல் சட்டம் வந்தது. அதனால் கூலியை முற்றாக அடக்க முடியவில்லை. கூலியைக் கட்ட முடியாதவர்கள் அக்கூலி வாங்கித் தந்த உடையையாவது கட்டிவைக்க முயன்றனர். ஆண்டானையும் ஆளையும் தெருவில் ஒரே பார்வையில் வேறுபிரிக்க இயலாமற் போவதே அவர்களைப் பெரிதும் அச்சுறுத்தியது என்பது என் கருத்து. இச்சட்டமோ இரண்டு ஆண்டுகள் கழியுமுன்னரே நீக்கப்பட்டது.

இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரம் இவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. பெண்களின் அணிகலன்களையும் ஆடைகளையும் கண்காணிப்பதற்கென்றே அங்கு ஓர் அதிகாரி இருந்தார். 1343ஆம் ஆண்டளவில், விலக்கப்பட்ட ஆடைகளை ஏற்கெனவே வைத்திருந்தோர் அவற்றைக் கொணர்ந்து பதிவு செய்து, ஈய முத்திரை பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அப்பதிவேடு இன்றும் உள்ளது. ஆயிரக்கணக்கான உடைகளின் நிறமும் கோலமும் அதிற் காணலாம்.

அந்நகரத்துக் கதாசிரியர் பிராங்கோ சக்கெத்தி இவ்வதிகாரிகளின் அவலத்தை ஒரு கதையாகவே எழுதிவைத்தார். அதிகாரி ஒரு பெண்ணை மறித்து, அவளது முக்காட்டில் தொங்கும் வேலைப்பாடமைந்த நுனி சட்டவிரோதம் என்கின்றார். அவளோ ஊசியைக் கழற்றி அதனைக் கையில் எடுத்து, இது மாலையல்லவா என்கின்றாள். மற்றொருத்தியின் சட்டையில் வரிசையாகப் பொத்தான்கள். அவை பொத்தான்களே அல்ல, சிறு கிண்ணங்கள். காம்பும் இல்லை, மாட்டுதற்குத் துளையும் இல்லை, நீரே பாரும் என்பது அவள் வாதம். மூன்றாமவள் அணிந்திருந்த எர்மின் என்னும் விலையுயர்ந்த வெண்மயிர்த் தோலோ, அவள் வாயில் வேறொரு விலங்கின் தோலாகிவிடுகின்றது. சட்டம் கற்ற அதிகாரி செய்வதறியாது திகைக்கின்றார்; நகரத் தலைவர்களும் இம்முயற்சி வீணென்று கைவிடுகின்றனர். கதைதான், ஆனால் தன் ஊரை அறிந்தவர் எழுதிய கதை.

சப்பாத்தின் கதையோ எலும்பிலேயே எழுதப்பட்டது. முனை நீண்டு கூராகி, உள்ளே பாசி அடைத்த சப்பாத்துக்கள் பதினான்காம் நூற்றாண்டிற் பரவின. பிரபு அல்லாதார் இரண்டு அங்குலத்துக்கு மேல் முனை நீட்டலாகாதென 1463இல் இங்கிலாந்திற் சட்டம் பிறந்தது. அதே சட்டம், சாமானியர் இடுப்பளவுச் சட்டை அணிந்து மானத்தை வெளிக்காட்டலாகாது என்றும் விதித்தது. இளைஞரின் உடை கண்டு முதியோர் முகஞ்சுளிப்பது நம் காலத்தில் தோன்றியதன்று!

கேம்பிரிட்ஜ் நகரில் அகழ்ந்தெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்தோர் 2021இல் தம் முடிவை வெளியிட்டனர். கால் பெருவிரல் உள்நோக்கிச் சாய்ந்து அதன் அடியெலும்பு புடைக்கும் கோளாறு, பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் நூற்றுக்கு 6 பேருக்கே இருந்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது நூற்றுக்கு 27 ஆயிற்று. நகருக்கு வெளியே இருந்த கிராமத்து இடுகாட்டில் அது நூற்றுக்கு 3. செல்வரும் துறவியரும் அடக்கஞ் செய்யப்பட்ட மடத்திலோ 43. கூர்முனைச் சப்பாத்து குருமாருக்கு ஆகாதென 1215இலேயே உரோமாபுரியிற் கூடிய திருச்சபைச் சங்கம் கட்டளையிட்டிருந்தது. கச்சைக் கொளுக்கியைக் கொண்டு துறவியர் என அடையாளங் காணப்பட்ட பதினொருவரில் ஐவருக்கு அக்கோளாறு இருந்தது.