வாய்க்கால் கரையில காருக்கு என்ன வேலை?

இத்தாலியில வயலுக்கு நடுவுல, ஒரு கார் கூட இல்லாத பாதையில சைக்கிள் ஓட்டுற ரீல்ஸைப் பார்த்துட்டு "ஹூம், இதெல்லாம் நம்ம ஊர்ல எங்க வரப்போகுது"ன்னு ஃபார்வர்டு பண்றீங்கல்ல, உங்களுக்குத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

வரும். அதுக்கான இடம் மதுரையைச் சுத்தி அரசாங்கத்துக்குச் சொந்தமாவே கிடக்கு. வாய்க்கால் கரையும் ஆத்தங்கரையும். ஆனா நாம அதை ஒண்ணு குப்பைமேடாக்குறோம், இல்லைன்னா தார் போட்டு காருக்குத் தாரை வார்க்கிறோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் சைக்கிள் கிளப் ஆள் இல்ல. ஒட்டுன மாதிரி பேன்ட், லட்ச ரூபாய் சைக்கிள், ஞாயித்துக்கிழமை செல்ஃபி, இதுக்கெல்லாம் நான் பேச வரலை. அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குற சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர். என் கோபம் ஓபி-யில இருந்து வர்ற கோபம்.

சரி, இத்தாலிக்கு வருவோம்.

நீங்க ரீல்ஸ்ல பாக்குற பாதைகள்ல பல, சைக்கிளுக்குன்னு புதுசா நிலம் வாங்கிப் போட்டது கிடையாது. வேற வேலைக்குப் போட்டு, சும்மா கிடந்த பாதைகள். லிகூரியா கடற்கரையில 2001-ல ரயில் பாதையை மலைக்கு உள்பக்கமா மாத்துனாங்க. கடலோரமா கிடந்த பழைய ஒத்தை லைனை என்ன பண்ணுறதுன்னு யோசிச்சு, 24 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை ஆக்கிட்டாங்க. ரயில் போன குகைக்குள்ள இப்ப பிள்ளைங்க சைக்கிள்ல போகுது. மிலான்ல மார்த்தெசானான்னு ஒரு பழைய கால்வாய். அந்தக் கரையும் அப்படித்தான்.

ஆனா நமக்கு வேண்டிய கதை தெற்கு இத்தாலியில புலியா மாகாணத்துல இருக்கு. பணக்கார இத்தாலி இல்ல அது. காய்ஞ்ச பூமி, ஆலிவ் தோட்டம், பிழைப்புத் தேடி வடக்கேயும் வெளிநாட்டுக்கும் போன ஜனம். ஆறே இல்லாத ஊருக்குத் தண்ணி எப்படிக் கொண்டு வர்றது? மலைக்கு அந்தப் பக்கம் மேற்குக் கடலுக்குப் போற செலே ஆத்தோட ஊத்துத் தண்ணியை, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்புனாங்க. 1906-ல வேலை ஆரம்பம், 1915-ல பாரி நகரத்துக்குத் தண்ணி வந்துச்சு.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல? மேற்கே அரபிக்கடலுக்குப் போற பெரியாத்தை, மலையைக் குடைஞ்சு கிழக்கே வைகைக்குத் திருப்புன கதைதான் நம்ம கதை. பென்னிகுவிக், 1895. அவங்களுக்கு முன்னாடியே நாம முடிச்சுட்டோம்!

வித்தியாசம் அதுக்கப்புறம்தான். அந்தக் குடிதண்ணிக் கால்வாயைப் பராமரிக்க மேலயே ஒரு பாதை போட்டிருந்தாங்க. எப்பவாவது ஒரு ஜீப் போகும், அவ்வளவுதான். அதைத்தான் இப்ப சைக்கிள் பாதையா மாத்திக்கிட்டு இருக்காங்க. ஊத்து இருக்குற கபோசெலேல இருந்து தென்கோடி முனை லெயுகா வரைக்கும் சுமார் 500 கிலோமீட்டர் திட்டம். முழுசா முடியலை. முடிஞ்ச பகுதியில பெருசா ஒண்ணும் இல்லை: கெட்டிச்சு விட்ட சரளைப் பாதை, ரெண்டு பக்கமும் ஆலிவ் மரம், கார் நுழையாம இருக்க ஒரு கேட். தண்ணி டிபார்ட்மென்ட் வண்டி வந்தா கேட்டைத் திறந்துக்கலாம்.

இத்தாலிக்காரங்க ஒண்ணும் சைக்கிள் ஞானிங்க இல்லை. ஐரோப்பாவுலயே ஆளுக்கு இத்தனை காருன்னு கணக்குப் பார்த்தா முன்வரிசையில நிக்கிற நாடு அது. அவங்களே செஞ்சிருக்காங்க.

இப்ப நம்ம பக்கம். வைகையில பேரணைன்னு ஒரு இடம். பெரியாறு பிரதானக் கால்வாய் அங்கதான் பிரியுது. அங்க இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோக நிலம், அதுக்குக் கீழ மேலூர் பக்கம் ஒருபோகம். கரையில பொதுப்பணித்துறைக்காரங்க மதகு பாக்குறதுக்குப் போட்ட ஆய்வுப் பாதை இருக்கு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லு. கார்த்திகை மாசம் காலையில ஒரு தடவை போய் நின்னு பாருங்க. டஸ்கனிக்கு டிக்கெட் போட மாட்டீங்க.

பரவைக்காரங்களுக்கு இன்னும் பக்கம். பரவையில இருந்து வைகைக் கரையைப் பிடிச்சு சமயநல்லூர், தேனூர், சோழவந்தான். பதினஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். அழகர் ஒரு காலத்துல தேனூர்லதான் ஆத்துல இறங்குனாருன்னு சொல்லுவாங்க, திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாத்துனாருன்னு. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வெத்தலைக் கொடிக்காலும். இதுக்கு மேல ஒரு டூரிங் ரூட்டுக்கு என்னங்க வேணும்?

ஆனா பரவைப் பிள்ளைக்கு இன்னைக்கு இருக்குற ஒரே வழி பழைய திண்டுக்கல் ரோடு. நாலுவழிச்சாலை சமயநல்லூர்லயே பிரிஞ்சு போயிருச்சு. போயும் இந்த ரோட்டுல நெருக்கடி தீரலை. டவுன் பஸ், காய்கறி மார்க்கெட் லோடு வண்டி, ஷேர் ஆட்டோ, ராங் சைடுல வர்ற பைக். இதுக்கு நடுவுலதான் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்ல பதினோராம் வகுப்புப் பிள்ளை போகுது.

யோசிச்சுப் பாருங்க. 2001-ல ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம். ஆட்சி மாறுனாலும் நிக்காத திட்டம். நான் அதை மனசாரப் பாராட்டுறேன். ஆனா வருஷா வருஷம் லட்சக்கணக்குல சைக்கிளைக் கொடுத்துட்டு, அதை ஓட்டுறதுக்கு ஒரு அடி பத்திரமான ரோடு கொடுக்காத அரசாங்கத்தை என்ன சொல்றது? ஊசியைக் கொடுத்துட்டு மருந்து இல்லைங்கற மாதிரி இருக்கு.

2022-ல தமிழ்நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 17,884 பேர். இது மத்திய அரசுக் கணக்கு. விபத்து எண்ணிக்கையில, 64,105, நாட்டுலயே நாமதான் முதல். அதே வருஷம் நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் நடந்து போனவர்.

"இன்னுயிர் காப்போம்" திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை கொடுக்குறோம். நல்ல திட்டம், உயிரைக் காப்பாத்துது. ஆனா தலையில அடிபட்டு வந்த பையனுக்கு 48 மணி நேரத்துக்கு அப்புறமும் ஒரு வாழ்க்கை இருக்கு. அவன் படிப்பு, ஞாபகம், அவங்க அம்மாவோட வேலை எல்லாம் அதுல சேத்தி. அடிபடாம இருக்குறதுக்கு எந்தத் திட்டம்?

ஓபி-க்கு வாங்க. ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல சொன்னது: இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர். நாங்க எல்லாரும் ஒரே சீட்டைத்தான் எழுதுறோம். மாத்திரை, உணவு, "தினமும் அரை மணி நேரம் நடங்க". வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாங்களும் சொல்லுறோம். உடனே எதிர்ல உக்காந்திருக்குற அக்கா கேக்கும், "எங்க சார் நடக்குறது? ரோட்டுல நடந்தா வண்டிக்காரன் ஏத்திருவான், தெருவுல நடந்தா நாய் விடாது." என்கிட்ட பதில் இல்லை. மெட்ஃபார்மின் இருக்கு, அதை எழுதுறேன்.

முழங்கால் தேய்மானம் உள்ளவங்களுக்கு நடக்குறதை விட சைக்கிள் மிதிக்கிறது பல நேரம் சுலபம். உடம்பு எடை சீட்டுல உக்காந்துரும், மூட்டு மட்டும் சுத்தும். காய்கறிக் கூடை தூக்கித் தூக்கி முட்டி போன அம்மாக்களுக்கு இதைச் சொல்ல ஆசைதான். அந்தப் பழைய திண்டுக்கல் ரோட்டுல ஓட்டச் சொல்லி எப்படிங்க சொல்லுவேன்?

2023 நவம்பர்ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க. டோக்கியோவைப் பார்த்து வந்த யோசனை. மருத்துவத்துறையே ரோட்டைப் பத்திப் பேசுனது சந்தோஷம்தான். ஆனா மாவட்டத்துக்கு ஒண்ணு! காலையில எட்டு மைல் பஸ் ஏறிப் போயா பரவைக்காரர் வாக்கிங் போவார்?

இப்ப கமெண்ட்ல வரப்போறதுக்கு இங்கேயே பதில் சொல்லிடுறேன்.

"நம்ம வெயில்ல எவன் சைக்கிள் ஓட்டுவான்?" ஓட்டிக்கிட்டு இருக்காங்க சார். நீங்க ஏசி கார்ல இருந்து பாக்கலை. பேப்பர் போடுற பையன், கொத்தனாரு, ஸ்கூல் பிள்ளை. 1990-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்க எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. கல்குவாரியில வேலை பாத்தவங்க. புதுக்கோட்டை என்ன ஊட்டியா? வெயிலுக்கு மருந்து மரம். கரையில புங்கன், மருதம், நாவல் வைங்க.

"கரையில தண்ணியடிக்கிறானுங்க, பொம்பளைங்க போக முடியாது." உண்மை. பாட்டில் ஓடு நானே பாத்திருக்கேன். ஆனா ஆள் நடமாட்டம் இல்லாததாலதான் அவன் அங்க உக்காந்திருக்கான். காலையும் சாயங்காலமும் நூறு சைக்கிள் போற பாதையில அவன் உக்காரமாட்டான். ராத்திரிக்கு விளக்கும் ரோந்தும் வேணும், அதையும் சேர்த்துத்தான் கேக்குறேன்.

"ரோடு போட்டா விவசாயிக்கு நல்லதுதானே?" டிராக்டர் போகட்டும், மாட்டு வண்டி போகட்டும், தூர்வார பொக்லைன் வரட்டும். குறுக்கு வழின்னு டவுன்காரன் கார் வரக்கூடாது, அவ்வளவுதான். மதுரைக்குள்ள வைகையோட ரெண்டு கரையிலயும் என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல? சுவர் கட்டி ரோடு போட்டாங்க. ஆத்தங்கரைன்னு பேரு, நிக்க முடியுதா? இன்னொரு பைபாஸ். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆத்தை எட்டிப் பாக்குறதுக்கே ரோட்டைக் கடக்கணும். அதே வேலையை பரவைக்கு மேல, சோழவந்தான் வரைக்கும் செய்யவிட்டுட்டு அப்புறம் இத்தாலி ரீல்ஸ் பாத்துப் பெருமூச்சு விடுறதுல அர்த்தம் இல்லை.

கேக்குறதுக்கு எங்க போறதுன்னா, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். பேரூராட்சிக் கவுன்சிலர் கையில ஒரு காப்பி, நீர்வளத்துறைக்கு ஒரு காப்பி. மனுவுல இதை மட்டும் எழுதுங்க: தார் வேண்டாம், கெட்டிச்ச சரளை போதும். நுழையுற இடத்துல எல்லாம் கார் போக முடியாதபடி கல்தூண், துறை வண்டிக்குப் பூட்டுப் போட்ட கேட். பெரிய ரோட்டைக் கடக்குற இடத்துல வேகத்தடையும் சிக்னலும். மரம்.

"அழகுபடுத்துதல்"ங்கற வார்த்தையை மட்டும் எழுதிடாதீங்க. எழுதுனா கலர் லைட்டு, சிமெண்ட் மான், ஒரு செல்ஃபி பாயின்ட், அது பக்கத்துல கார் பார்க்கிங் போட்டுத் தந்துருவாங்க.