அட்டையில் ஒருவர் பெயர்! உழைத்தவர்கள் நால்வர்!

இசைத்தட்டின் அட்டையில் ஒருவருடைய பெயர் பெரிதாக இருக்கும். பாட்டைக் கேட்கிறவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லுவார்கள். ஆனால், அந்தத் தட்டுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது? அவர்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கிறதா?

இதை எண்ணிப் பார்க்க நல்ல உதாரணம், இங்கிலாந்துப் பாடகர் ஓசி ஆஸ்பார்னின் கதை.

வேலை போயிற்று!

ஆஸ்பார்ன் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 1948-ம் ஆண்டு பிறந்தார். 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தார். திருட்டுக் குற்றத்துக்காக அவருக்கு அபராதம் விதித்தார்கள். தகப்பனார் பணம் கட்ட மறுத்துவிட்டார். மகன் சிறைக்குப் போனார்!

1968-ல் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாத்திய கோஷ்டி தொடங்கினார். "பிளாக் சாபத்" என்பது அதன் பெயர். மின்சார கிடாரும் டிரம்மும் முழங்கப் பாடும் "ராக்" சங்கீதத்தில் அந்தக் கோஷ்டி உலகப் புகழ் பெற்றது.

புகழ் வந்தது. பணம் வந்தது. கூடவே குடியும் போதையும் வந்தன. 1979 ஏப்ரலில் நண்பர்கள் அவரைக் கோஷ்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஓட்டல் அறை ஒன்றில், மாதக் கணக்கில் குடித்துக்கொண்டு கிடந்தார். தன் கதை முடிந்தது என்றே அவர் நினைத்தார்.

அவரை எழுப்பி உட்கார வைத்தவர் ஷாரன் என்ற பெண். கோஷ்டிகளுக்கு மானேஜராக இருந்த டான் ஆர்டனின் மகள். "புதிய கோஷ்டி சேர்த்துப் பாடலாம்" என்று தைரியம் கொடுத்தார். பின்னால், 1982-ல், அவரே ஆஸ்பார்னின் மனைவியானார்.

புதிய கைகள்

முதலில் வந்தவர் ராண்டி ரோட்ஸ். 22 வயது இளைஞர். அவருடைய தாயார் டெலோரஸ் சங்கீதப் பள்ளி நடத்தி வந்தார். அங்கே ராண்டி கிடார் சொல்லிக் கொடுத்தார். சுருதி கூட்டிச் சற்று வாசித்ததுமே தமக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவர் பிற்பாடு சொன்னார்.

அடுத்தவர் ஆஸ்திரேலியாக்காரர் பாப் டெய்ஸ்லி. தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் "பேஸ்" கிடார் வாசிப்பவர். பெரும்பாலான பாட்டுகளுக்கு வரிகள் எழுதியவரும் இவர்தான். டிரம் வாசிக்க வந்தவர் லீ கெர்ஸ்லேக்.

1980-ல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை நடந்தது. மொத்தம் 9 உருப்படிகள். அதில் ஒன்றை ராண்டி தம் தாயாருக்காக அமைத்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. கிடார் மட்டும் தனியாக ஒலிக்கும்.

"பிலிசார்ட் ஆப் ஓஸ்" என்பது அந்த இசைத்தட்டின் பெயர். "ஓஸ் என்ற பனிப்புயல்" என்று பொருள். முதலில் இது புதிய கோஷ்டிக்கு வைத்த பெயர்! ஆனால், தட்டு வெளிவந்தபோது ஆஸ்பார்னின் பெயரே பெரிதாக நின்றது.

இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அது 7-வது இடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. விழுந்தவர் எழுந்துவிட்டார்!

வாசிப்பையே அழித்தார்கள்!

அடுத்த தட்டையும் அதே நால்வர்தான் பதிவு செய்தார்கள். ஆனால், 1981-ல் அது வெளிவருமுன் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீக்கப்பட்டார்கள். அட்டையில் அவர்களுக்குப் பதிலாக, புதிதாக வந்த இருவரின் பெயர்கள் அச்சாயின. வாசித்தவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு!

1982 மார்ச் 19-ந் தேதி ராண்டி விமான விபத்தில் இறந்தார். வயது 25. பரிதாபம்!

நீக்கப்பட்ட இருவரும் பணத்துக்காக வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் பிற்பாடு தோற்றார்கள். 2002-ல் இரண்டு தட்டுகளும் மறுபடி வெளியிடப்பட்டன. அவற்றில் அவ்விருவரின் வாசிப்பையே எடுத்துவிட்டு, வேறு இருவரை வாசிக்கச் செய்து சேர்த்திருந்தார்கள்! ரசிகர்கள் ஏற்கவில்லை. 2011-ல் பழைய வாசிப்பே திரும்பி வந்தது.

"ஆஸ்பார்னின் பெயருக்காகத்தானே தட்டு விற்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயருள்ளவருக்குப் பணத்தில் பெரிய பங்கு போவதில் தவறில்லை. எவ்வளவு பங்கு என்பதை ஒப்பந்தம் சொல்லும், கோர்ட்டும் சொல்லும். ஆனால், இன்னார் வாசித்தார் என்பது நடந்த சங்கதி. அதை எந்த ஒப்பந்தமும் மாற்ற முடியாது. தேரை ஊர் கூடி இழுத்துவிட்டு, ஒருவர் இழுத்தார் என்று எழுதுவது பொய்க் கணக்கு.

ஒரு முதியவரின் ஆசை

கெர்ஸ்லேக் தம் கடைசிக் காலத்தில் புற்றுநோயால் வாடினார். அதிகமாக விற்ற இசைத்தட்டுகளுக்கு நினைவுப் பரிசாக "பிளாட்டினம்" தட்டு கொடுப்பது வழக்கம். அந்த இரண்டு தட்டுகளுக்கும் உரிய பரிசை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆஸ்பார்ன் குடும்பத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பரிசுத் தட்டுகள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனாலும், அதற்குள் ஏறக்குறைய 40 வருடம் ஓடிவிட்டது! 2020-ல் கெர்ஸ்லேக் காலமானார்.

2025 ஜூலை 5-ந் தேதி, பர்மிங்காமில் தம் பழைய நண்பர்களோடு ஆஸ்பார்ன் கடைசியாகப் பாடினார். 22-ந் தேதி, 76-வது வயதில் மறைந்தார். அவருடைய குரல் பெரிது. விழுந்து எழுந்த துணிவும் பெரிது. தூக்கிவிட்ட கைகளின் பெயரைச் சொல்லுவதால் அவருடைய பெருமை சிறிதும் குறையாது.

பாட்டைக் கேட்டு மகிழ்கிறவர்கள் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே சிறிய எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். அவற்றையும் படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.