லீவில் ஆறும் அரிப்பு

ஓசூரில் கை அரிக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வைத்தியம் வந்து குவியும். வீட்டுக்கார அம்மா தெலுங்கில் வேப்பிலைத் தண்ணீர் என்பார். அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிற நண்பர் கன்னடத்தில் புங்க எண்ணெய் என்பார். போச்சம்பள்ளியில் இருக்கும் என் அம்மா, குப்பைமேனியோடு மஞ்சளும் கல்லுப்பும் எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும் என்று போனிலேயே பாடம் நடத்துவார். கூடவே பத்தியம். கத்தரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான், கம்புகூட ஆகாது. மிச்சம் இருப்பது ராகிக் களியும் கீரையும்தான்.

நான் சிஎன்சி லேத் ஓட்டுகிறவன். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போயிருக்கிறது. விரல் இடுக்கில் தொடங்கும். புறங்கையும் மணிக்கட்டும் சிவந்து தடித்து, பொடிப்பொடியாக நீர் கோத்து, பிறகு காய்ந்து வெடிக்கும். மார்கழிக் குளிரில் வெடிப்பிலிருந்து ரத்தம் கசியும். குழம்புச் சோற்றைக் கையால் பிசைய முடியாது. ராத்திரி அரிப்பில் எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் போகும்.

வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவு என்று பாட்டி சொன்னது நல்ல யோசனைதான். கரப்பான் கண்ட குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வில், மினரல் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெய்தான் தோலின் ஈரத்தை நன்றாகக் காத்தது. படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவதிலும் காரணம் உண்டு. அந்த இலையில் பூஞ்சையை அடக்கும் சத்து இருக்கிறது. ஆனால் என் கையில் இருப்பது படர்தாமரை இல்லை.

இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்ற பேச்சைத்தான் நான் ஏற்க மாட்டேன். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளமும் கறுப்பும் வரும். சேராங்கொட்டையும் இயற்கைதான். சலவைத் துணிக்குக் குறி போட அதன் பாலைத்தான் பயன்படுத்தினார்கள், அந்தக் குறி உரசிய கழுத்தெல்லாம் புண்ணானது மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. குப்பைமேனியை வெளியே பூசுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை உள்ளுக்குச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சிதைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அம்மா அரைத்துப் பூசுவார். சில நாளில் அரிப்பு அடங்கும், தடிப்பு இறங்கும், பெயர் குப்பைமேனிக்குப் போகும். திரும்பி வந்து மெஷின் முன்னால் நின்ற வாரமே பழையபடி ஆகிவிடும். அதே இலையை மத்திகிரிப் பக்கம் பறித்துப் பூசினாலும் கேட்காது. பட்டணத்து இலையில் சாரம் இல்லை என்பது அம்மாவின் கட்சி. என் கட்சி வேறு. ஊரில் என்னைக் குணப்படுத்தியது லீவுதான். விடுமுறையில் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் ஏறுகிற தோல் நோய் என்றால், மருத்துவர்கள் முதலில் வேலையைத்தான் சந்தேகப்படுவார்கள். எங்கே வேலை, கையில் என்ன படுகிறது என்று கேட்டவர் நான் பார்த்த மருத்துவர்களில் ஒரே ஒருவர்தான்.

கையில் படுவது கூலண்ட். கடையும்போது சூட்டைத் தணிக்க இரும்பின் மேல் பாய்கிற, பால் போன்ற திரவம். எண்ணெயைத் தண்ணீரில் கலக்கிறோம். தண்ணீர் ஆவியாக ஆகக் கலவை கெட்டியாகும். நாள்பட்டால் கிருமி வளர்ந்து நாறும். அதைக் கொல்ல ஒரு மருந்து ஊற்றுவார்கள், பல பேருக்கு அலர்ஜி தருவது அந்த மருந்தேதான். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, கூலண்டோ காரம். நாள் முழுக்க அதில் நனைகிற கையை, பிசிறு ஒட்டிய வேஸ்ட் துணியில் துடைத்து, சோப்புப் பவுடரிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுகிறோம். கிளவுஸ் போட்டுக்கொள் என்று வெளியாட்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சுழலும் சக்கில் கிளவுஸ் மாட்டினால் விரலோடு போகும், அதனால் ஓடும் மெஷினில் அது கூடாது. கலவையின் அளவைப் பார்க்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இருக்கிறது. தினமும் பார்த்து எழுதி ஒட்டலாம், நாறுவதற்கு முன்பே தொட்டியைக் காலி செய்யலாம். இது செலவு பிடிக்கிற வேலை என்று என்னால் நம்ப முடியவில்லை.

எல்லா அரிப்பும் கூலண்டால் வருவதல்ல என்பதும் உண்மை. மழை விட்டதும் சிப்காட்டின் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு இடுப்பளவு நிற்கிற காங்கிரஸ் செடி, அதாவது பார்த்தீனியம், இன்னொரு காரணம். இந்தியாவில் 1950களில் புனே பக்கம் தென்பட்டது, பெங்களூரைச் சுற்றிப் பரவிப் பெருந்தொல்லையானதும் கர்நாடக அரசு 1975இல் அதைக் கேடான களையாக அறிவித்தது. 1984இல் அதைத் தின்ன மெக்சிகோ வண்டையும் விட்டுப் பார்த்தார்கள். செடி எல்லையைக் கேட்டுக்கொண்டா வளரும்? அதன் தூசு காற்றில் வந்து படிவதால் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று திறந்த இடங்களில் தடிக்கும். எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். ஆறு ரகத் தைலம் வாங்குவதைவிட அது பயனுள்ள செலவு.

ஆனால் நம் ஆட்கள் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. கடைக்காரர் நீட்டுகிற டியூபில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு மாயமாகும், விட்டால் இரட்டிப்பாக வரும். படர்தாமரையில் பூசினால் பூஞ்சை தழைத்துப் பரவும். இப்படிப் பூசும் 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணை போட்டது. சீட்டு கேட்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. எண்ணெயால் வரும் தோல் அழற்சியும் ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த நோய்கள். அதன் பிரிவு 89, நோயைக் கண்ட மேலாளரும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்காத மருத்துவருக்கு அந்தச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாயாக இருந்தது. பழைய சட்டங்களைத் திரட்டிச் செய்த 2020 தொகுப்பிலும் இந்த நோய்ப் பட்டியல் தொடர்கிறது. இருந்தும் நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் ஒருவருடைய கையைப் பற்றி ஒரு வரி எழுதிப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. மேஸ்திரியிடம் காட்டினால் உனக்கு உடம்புச் சூடு, மோர் குடி என்பார். கான்ட்ராக்ட் பையன்கள் அதையும் காட்ட மாட்டார்கள், காட்டினால் அடுத்த வாரம் வேறு ஆள் நிற்பான். சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்கள், லீவு போட்டு அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். அதனால்தான் வேலையில் வந்த நோய்க்கு வீட்டு அம்மியில் மருந்து அரைபடுகிறது, பாவம் அம்மாக்கள்.

ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் ரிஜிஸ்டரைப் பார்க்கிறார்கள், தீயணைப்பு சிலிண்டரின் தேதியைப் பார்க்கிறார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்று கையை நீட்டச் சொன்னாலே போதும், யார் யார் எந்த மெஷினில் நிற்கிறார்கள் என்று அவர்களே சொல்லிவிடலாம். அப்படியே பக்கத்துக் காலி மனையில் பூ வைப்பதற்குள் அந்தச் செடியைப் பிடுங்கச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு கடிதமும் எழுதலாம். பிடுங்குகிற தூய்மைப் பணியாளர்களுக்குக் கிளவுஸும் முழுக்கைச் சட்டையும் கொடுத்த பிறகு.